மார்க்சியப் பேராசிரியருக்கு வேலை கொடுத்தது யார்?

2024 செப்டம்பரில் நடந்த அமெரிக்க அதிபர் வேட்பாளர் விவாதத்தில், கமலா ஹாரிசின் தந்தை ஒரு மார்க்சியப் பொருளாதாரப் பேராசிரியர் என்றும் மகளுக்கு நன்றாகவே பாடம் நடத்தியிருக்கிறார் என்றும் டொனால்ட் டிரம்ப் சொன்னார். அதற்குள் கமலாவின் தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தை நம் தொலைக்காட்சிகள் பலமுறை சுற்றிக் காட்டிவிட்டிருந்தன. தந்தை டொனால்ட் ஹாரிஸ் பக்கம் எந்தக் கேமராவும் அவ்வளவாகத் திரும்பவில்லை. டிரம்ப் அதை வசவாகத்தான் சொன்னார். ஆனால் அமெரிக்கப் பொருளியல் துறைகளின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்த வசவு கொஞ்சம் வேடிக்கையாகவே இருந்திருக்கும். அங்கே பெயர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் மார்க்சியப் பொருளியல் சொல்லிக்கொடுத்து, பணி நிரந்தரமும் பெற்று, ஓய்வுபெறும்வரை இருந்தவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலர் எப்படி உள்ளே போனார்கள்?

இதற்கு விடை தேடுபவர்கள் ஹாரிசிடம் தொடங்குவதைவிட சாமுவேல் போல்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளரிடம் தொடங்குவது நல்லது. ஒரு பெரிய பல்கலைக்கழகம் கதவைச் சாத்தியது, அவ்வளவாகப் பெயர் இல்லாத இன்னொன்று திறந்தது, அப்படித் திறந்ததால் என்ன விளைந்தது என்ற மூன்றும் அவர் வாழ்க்கையில் ஒன்றாகக் கிடைக்கின்றன.

அவருக்கு முந்தைய தலைமுறையின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மார்க்சியப் பொருளியலாளர் பால் ஸ்வீசி ஹார்வர்டில் படித்தவர், அங்கேயே கற்பித்தவர், அங்கிருந்த பெரும் பொருளியலாளர் ஜோசப் ஷும்பீட்டரின் மதிப்பைப் பெற்றவர். போருக்குப் போய்த் திரும்பியபோது தனக்கு அங்கே நிரந்தர இடம் கிடைக்காது என்பது புரிந்து 1946இல் விலகினார். 1949இல் லியோ ஹியூபர்மனுடன் சேர்ந்து 'மன்த்லி ரிவியூ' பத்திரிகையைத் தொடங்கி, வாழ்நாள் முழுவதும் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்தே எழுதினார். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் அவரது ஒரு விரிவுரையைக் காரணம் காட்டி விசாரணைக்கு இழுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1957இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. கல்விச் சுதந்திரம் பற்றி அமெரிக்க வழக்கறிஞர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். தீர்ப்பு வந்தது, வேலை வரவில்லை. ஸ்வீசியின் நண்பர் பால் பாரன் மட்டும் ஸ்டான்போர்டில் நிரந்தரப் பேராசிரியராக இருந்தார். 1950களில் நாட்டிலேயே அப்படி ஒரே ஒரு மார்க்சியப் பொருளியலாளர்தான் என்று அவரைச் சுட்டுவார்கள். 1964இல் அவரும் இறந்துபோனார்.

போல்ஸ் வந்த வழி வேறு. அவர் தந்தை செஸ்டர் போல்ஸ் கனெக்டிகட் மாநில ஆளுநராக இருந்தவர், இருமுறை இந்தியாவுக்கான அமெரிக்கத் தூதர். 1951இல் குடும்பம் டெல்லிக்கு வந்தபோது சாமுவேலுக்குப் பன்னிரண்டு வயது. தூதரகப் பிள்ளைகளுக்கான தனிப் பள்ளிக்குப் போகாமல் டெல்லி பப்ளிக் ஸ்கூலில் இந்தியப் பையன்களோடு படித்தார். விளையாட்டிலும் படிப்பிலும் அந்த வகுப்பில் தான் சராசரிதான் என்று கண்டதையும், திறமையில் நாம் எல்லாரும் இவ்வளவு ஒத்திருக்கும்போது இந்தியர்கள் மட்டும் ஏன் இவ்வளவு ஏழைகளாக இருக்கிறார்கள் என்ற கேள்வி அப்போதே தன்னைப் பிடித்துக்கொண்டதையும் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின் வடக்கு நைஜீரியாவில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். ஹார்வர்டில் 1965இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வும் நைஜீரியக் கல்வித் திட்டமிடல் பற்றியதுதான். அந்த ஆய்வில் புரட்சி எதுவும் இல்லை. வளங்களைக் கல்வியில் எப்படிச் சிக்கனமாகப் பங்கிடுவது என்று கணித மாதிரியால் கணக்கிடும், அந்தக் காலத்துக்கு மிகவும் நவீனமான வேலை அது. ஹார்வர்டும் மகிழ்ச்சியோடு அவரை ஆசிரியராக எடுத்துக்கொண்டது.

பிறகு 1968. மார்ட்டின் லூதர் கிங் ஏழை மக்கள் பேரணிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அதற்குப் பின்புலக் குறிப்புகள் எழுதித் தரும்படி சில இளம் பொருளியலாளர்களுக்குக் கேள்விகள் வந்தன. ஏழைகள் வீட்டுப் பிள்ளைகள் ஏன் ஏழைகளாகவே ஆகிறார்கள், நல்ல பள்ளிகள் திறந்தால் அது மாறுமா என்பது போன்ற கேள்விகள். முனைவர் பட்டமும் ஹார்வர்ட் நாற்காலியும் இருந்தும், தான் கற்ற பொருளியலில் இவற்றுக்குப் பதில் இல்லை என்பது அப்போது உறைத்தது என்கிறார் போல்ஸ். கிங் அந்த ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கேள்விகள் போல்ஸிடமும் அவர் நண்பர் ஹெர்பர்ட் கின்டிஸிடமும் தங்கிவிட்டன.

அதே ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் தீவிர அரசியல் பொருளாதாரத்துக்கான ஒன்றியம் உருவானது. மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் தொடங்கிய அமைப்பு. வியட்நாம் போர், கறுப்பர் விடுதலை, பெண்ணுரிமை எல்லாம் வளாகங்களைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தபோது, பொருளியல் வகுப்பறையில் மட்டும் தேவை, அளிப்பு என்ற இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தாங்கவில்லை. 1969இலிருந்து தங்களுக்கென்று ஓர் ஆய்விதழும் நடத்தினார்கள். ஹார்வர்டில் போல்ஸும் கின்டிஸும் ஆர்தர் மக்யூவன், தாமஸ் வைஸ்கோப் போன்றோரும் முதலாளித்துவப் பொருளாதாரம் பற்றிக் கூட்டாக ஒரு பாடம் நடத்தினர்.

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பணி நிரந்தரம் எப்படிக் கிடைக்கிறது என்பதை இங்கே விளக்க வேண்டும். நம் ஊரில் பணி நிரந்தரம் என்றால் அரசாணை, பணிமூப்பு, சில சமயம் போராட்டம். அங்கே உதவிப் பேராசிரியராகச் சேர்பவருக்குச் சில ஆண்டுகள் கெடு. அந்தக் கெடு முடியும்போது, ஏற்கெனவே நிரந்தரமானவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அவர் எழுத்தைப் பற்றி விவாதித்து வாக்களிக்கிறார்கள். தேறினால் வாழ்நாள் வேலை, தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த அறைக்குள் 'இவருடைய அரசியல் எனக்குப் பிடிக்கவில்லை' என்று ஒருவரும் சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. 'இது பொருளியல்தானா?' என்று கேட்டால் போதும். இந்தக் கேள்வி நேர்மையாகவும் கேட்கப்படலாம் என்பதுதான் சிக்கல். ஒரு துறையின் தரத்தைக் காப்பதும் எல்லையைக் காப்பதும் ஒரே வாக்குச்சீட்டில் நடக்கின்றன. எது எங்கே முடிகிறது என்று வாக்களிப்பவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

போல்ஸுக்குப் பணி நிரந்தரம் மறுக்கப்பட்டது. அவருக்கு ஆதரவாக நின்றவர்களில் ஜான் கென்னத் கால்பிரெய்த், வாசிலி லியோன்டீஃப், கென்னத் ஆரோ ஆகியோர் இருந்தனர். ஆரோ 1972இல் நோபல் பெற்றவர், லியோன்டீஃப் 1973இல் பெற்றவர். அதாவது துறையின் மிகப் பெரிய பெயர்கள் சேர்ந்து சொல்லியும் பெரும்பான்மை அசையவில்லை. ஹார்வர்ட் பொதுவாகவே தன் இளம் ஆசிரியர்களை நிரந்தரமாக்குவது அரிது என்ற வாதத்தையும் பதிவு செய்தாக வேண்டும். அது உண்மைதான். ஆனால் அந்தத் துறையின் தீவிரப் பொருளியலாளர்களில் நிலைத்தவர் ஸ்டீபன் மார்க்லின் ஒருவரே. தொழிற்சாலை முறை தோன்றியது திறமைக்காக அல்ல, தொழிலாளரைக் கட்டுப்பாட்டில் வைக்கத்தான் என்று 1974இல் வாதிட்டுப் பெயர் பெற்றவர் அவர். 1960களில், அவர் எழுத்து மரபான பொருளியலாக இருந்த காலத்திலேயே நிரந்தரமாகிவிட்டார். அதன் பிறகுதான் வெளிப்படையாக இடதுபக்கம் திரும்பினார். வரிசை மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஹார்வர்டிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்ற சிறு நகரம். அங்கே இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலப் பல்கலைக்கழகம் வேளாண் கல்லூரியாகத் தொடங்கியது. அதன் பொருளியல் துறை உள்சண்டைகளால் தடுமாறிக்கொண்டிருந்த நேரம். நிர்வாகம் போல்ஸை அழைத்தது. தனியாக வர அவர் சம்மதிக்கவில்லை. கடைசியில் 1973இல் ஐந்து பேர் ஒரே தொகுப்பாகப் பணியமர்த்தப்பட்டனர்: போல்ஸ், கின்டிஸ், ரிச்சர்ட் எட்வர்ட்ஸ், ஸ்டீபன் ரெஸ்னிக், ரிச்சர்ட் வுல்ஃப்.

அந்தத் தொகுப்புதான் இந்தக் கதையின் மையம் என்பது என் கருத்து. தனியாகப் போகும் மாற்றுப் பொருளியலாளர் ஒரு துறையில் காட்சிப்பொருளாகிவிடுவார். அவர் நடத்தும் பாடம் விருப்பப்பாடமாகும், அவரிடம் ஆய்வுசெய்ய வரும் மாணவருக்கு வழிகாட்டுதல் குழு அமைக்க ஆள் இருக்காது, அவர் ஓய்வுபெற்றதும் அந்த இடம் வேறு துறைப்பிரிவுக்குப் போய்விடும். ஐந்து பேர் சேர்ந்தால் முனைவர் பட்டத் திட்டத்தையே நடத்தலாம், தகுதித் தேர்வுக்குக் கேள்வித்தாள் அமைக்கலாம், அடுத்தவரை நியமிக்கும் வாக்கெடுப்பில் கை தூக்கலாம். ஸ்வீசியிடம் அறிவுக்கும் புகழுக்கும் பஞ்சம் இல்லை. அவரிடம் இல்லாதது இந்த வாக்குகள்தான்.

ஐவரும் ஒரே மாதிரிச் சிந்தித்தவர்களும் அல்ல. ரெஸ்னிக்கும் வுல்ஃபும் வர்க்கம் என்பதை உபரி உழைப்பு உருவாக்கப்பட்டு, கைப்பற்றப்பட்டு, பங்கிடப்படும் நிகழ்முறையாகப் பார்க்கும் ஒரு மார்க்சியப் பள்ளியை வளர்த்தார்கள். புள்ளிவிவர நிரூபணங்களில் அவர்களுக்குப் பெரிய மோகம் இல்லை. போல்ஸும் கின்டிஸும் எண்களை விடவே இல்லை. ஒரே தாழ்வாரத்தில் இரண்டு மார்க்சியங்கள். மாணவர்கள் பக்கம் பிரிந்து வாதிட்டார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு எல்லாரும் சிவப்புதான்.

போல்ஸும் கின்டிஸும் 1976இல் வெளியிட்ட 'முதலாளித்துவ அமெரிக்காவில் பள்ளிக்கல்வி' என்ற நூல், கிங்கின் கேள்விகளுக்கு அவர்கள் தந்த பதில் என்றே சொல்லலாம். கல்வி அதிகமானால் சம்பளம் கூடுகிறது என்பதை யாரும் மறுப்பதில்லை. ஏன் கூடுகிறது என்பதில்தான் தகராறு. கல்வி அறிவுத்திறனை வளர்க்கிறது, அதற்குத்தான் விலை கிடைக்கிறது என்பது வழக்கமான விடை. இவர்கள் தரவுகளை எடுத்துப் பார்த்தபோது தேர்வு மதிப்பெண்களும் ஐ.க்யூ.வும் அந்தத் தொடர்பில் சிறு பங்கையே விளக்கின. மீதி எங்கிருந்து வருகிறது? நேரத்துக்கு வருவது, சொன்னதைச் செய்வது, மேலிடத்தின் மதிப்பீட்டைத் தன் மதிப்பீடாக ஏற்பது என வேலைத்தளம் கேட்கும் குணங்களைப் பள்ளி பழக்குகிறது என்றார்கள். அடிமட்ட வேலைக்குப் போகப் போகிறவர்கள் படிக்கும் பள்ளியில் மணியும் வரிசையும் கட்டளையும். மேலாளராகப் போகிறவர்கள் படிக்கும் கல்லூரியில் சுயமாக முடிவெடுக்கும் பயிற்சி. பள்ளியின் அதிகார அடுக்கு ஆலையின் அதிகார அடுக்கோடு பொருந்திப்போகிறது.

மாணவர்கள் எதிர்த்து நிற்பதற்கு இந்தக் கோட்பாட்டில் இடமே இல்லை, எல்லாம் இயந்திரம் போல நடப்பதாகக் காட்டுகிறது என்ற விமர்சனம் உடனே வந்தது. நியாயமான விமர்சனம். அரசுப் பள்ளியின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த எவருக்கும் மணி அடித்தால் அடங்கிவிடுவோர் எத்தனை பேர் என்று தெரியும். இருந்தாலும் அந்தப் புள்ளிவிவர முடிவு நின்றது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துப் புதிய தரவுகளோடு திரும்பிவந்து பார்த்தபோதும் அதையே உறுதிப்படுத்தினார்கள்.

1980களில் போல்ஸ் எடுத்துக்கொண்டது வேலை ஒப்பந்தம். முதலாளி தொழிலாளியின் எட்டு மணி நேரத்தை வாங்கலாம். அந்த எட்டு மணி நேரத்தில் எவ்வளவு உழைப்பார் என்பதை எந்த ஒப்பந்தத்திலும் எழுதி வாங்க முடியாது. அதனால் மேற்பார்வை தேவைப்படுகிறது, வேலை போய்விடும் என்ற பயமும் தேவைப்படுகிறது. வெளியே வேலையில்லாதவர்கள் இருந்தால்தான் அந்தப் பயத்துக்குப் பொருள் உண்டு. எனவே போட்டிச் சந்தை முழுமையாக இயங்கினாலும் வேலையின்மை மறையாது, முதலாளிக்கு அதிகாரமும் குறையாது. மார்க்ஸ் பேசிய வேலையில்லாதோரின் சேமப் பட்டாளத்தைச் சமன்பாடுகளில் எழுதிய வாதம் இது. 1985இல் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் முதன்மை ஆய்விதழிலேயே வெளியானது. அதற்கு ஓராண்டு முன்பு அதே இதழில் கார்ல் ஷபிரோவும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் ஏறத்தாழ இதே இயங்குமுறையை முன்வைத்திருந்தார்கள். அவர்கள் கட்டுரையில் மார்க்ஸ் வாசனை இல்லை. இன்று பாடநூல்கள் முதலில் சொல்வது அவர்கள் மாதிரியைத்தான்.

இப்போது டொனால்ட் ஹாரிசுக்கு வரலாம். ஜமைக்காவில் 1938இல் பிறந்து, பெர்க்லியில் 1966இல் முனைவர் பட்டம் பெற்றார். மார்பகப் புற்றுநோய் ஆய்வாளராகப் பின்னாளில் அறியப்பட்ட, கமலாவின் தாய் ஷியாமளாவைச் சந்தித்ததும் பெர்க்லியில்தான். இல்லினாய், நார்த்வெஸ்டர்ன், விஸ்கான்சின் என்று சுற்றி 1972இல் ஸ்டான்போர்டுக்கு வருகைப் பேராசிரியராகப் போனார். பாரன் விட்டுச்சென்ற வெற்றிடம் அங்கே இருந்தது. மாற்றுப் பொருளியல் கற்பிக்க ஒருவர் வேண்டும் என்று மாணவர்கள் விடாமல் கேட்டார்கள். ஹாரிசை நிரந்தரமாக்குவதற்கு எதிர்ப்பும் இருந்தது. மாணவர்களைத் தன் பின்னால் குழலூதி அழைத்துச் சென்றுவிடுவார் என்ற அச்சம் துறையில் நிலவியதை 1976இல் மாணவர் நாளிதழ் எழுதியது. பாடம் நன்றாக நடத்துகிறார் என்பது ஒருவருக்கு எதிரான குற்றச்சாட்டாக மாறிய அரிய தருணம் அது. இறுதியில் அந்தத் துறையில் பணி நிரந்தரம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார்.

அவர் மார்க்சியர்தானா? 1978இல் அவர் வெளியிட்ட நூல் மூலதனக் குவிப்பையும் வருமானப் பங்கீட்டையும் பற்றியது. அதில் ரிக்கார்டோ, மார்க்ஸ், கெய்ன்ஸ், ஸ்ராஃபா என்று வெவ்வேறு மரபுப் பொருளியலாளர்கள் வருகிறார்கள், எல்லாரிடமும் கேள்வி கேட்கப்படுகிறது. பின்னாளில் ஜமைக்கா அரசுக்கு அவர் தந்த வளர்ச்சி ஆலோசனைகளைப் படிப்பவர் அதில் புரட்சியைத் தேடினால் ஏமாறுவார். ஏற்றுமதி, முதலீடு, உற்பத்தித்திறன் பற்றிய நிதானமான அறிக்கைகள் அவை. ஸ்டான்போர்டில் அவர் 1998இல் ஓய்வுபெற்றார். ஆம்ஹர்ஸ்டில் உருவானது போன்ற ஒரு பள்ளி அங்கே உருவாகவில்லை. ஆளின் திறமையில் குறை இல்லை, எண்ணிக்கைதான் போதவில்லை.

போல்ஸின் பிற்காலத்தைப் பற்றி இடதுசாரிகளிடையே கசப்பான பேச்சு உண்டு. மார்க்ஸை விட்டுவிட்டு, ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும் நிலைகளைக் கணிதத்தால் ஆராயும் விளையாட்டுக் கோட்பாட்டுக்கும் பரிணாம உயிரியலுக்கும் ஓடிவிட்டார் என்பார்கள். 2000களில் அவர் நியூ மெக்சிகோவின் சான்டா ஃபே ஆய்வு நிறுவனத்துக்குப் போனார். மானுடவியலாளர்களோடு சேர்ந்து பதினைந்து சிறு சமூகங்களில் நடத்திய சோதனைகளில், பாடநூல் சொல்லும் தன்னலமே குறியான மனிதனை எங்கேயும் காணவில்லை என்று காட்டினார்கள். தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்த இஸ்ரேலியக் குழந்தைகள் காப்பகங்களில் தாமதம் இன்னும் கூடியது என்ற புகழ்பெற்ற ஆய்வை எடுத்துக்கொண்டு, காசைக் காட்டினால் மனசாட்சி ஒதுங்கிக்கொள்ளும் என்று விரிவாக வாதிட்டார். பெங்களூரின் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அர்ஜுன் ஜெயதேவுடன் இணைந்து, காவலாளி, மேற்பார்வையாளர், சிறைக்காவலர் என்று சொத்தையும் ஒழுங்கையும் காக்க மட்டுமே ஒரு சமூகம் எவ்வளவு உழைப்பைச் செலவிடுகிறது என்று கணக்கிட்டார். சமத்துவமின்மை அதிகமுள்ள நாடுகளில் அந்தப் பங்கும் அதிகம். இந்தக் கடைசி ஆய்வு 1970களின் கேள்வியின் நேரடி வாரிசு. ஓடிவிட்டார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் கூட்டுப் போராட்டம், கட்சி, தொழிற்சங்கம் ஆகியவை அவர் எழுத்தில் மெல்லத் தேய்ந்துபோனதை மறுக்கவும் முடியாது. வெண்டி கார்லின் உள்ளிட்டோருடன் உருவாக்கிய இலவச இணையப் பாடநூலில் சமத்துவமின்மையும் அதிகாரமும் தொடக்க அத்தியாயங்களிலேயே வருகின்றன. அதைப் பல நாட்டு மைய நீரோட்டத் துறைகள் முதலாண்டு மாணவருக்கு வைக்கின்றன. உள்ளே நுழைய வாக்குக் கிடைக்காதவர், பாடத்திட்டத்தின் வழியாக நுழைந்திருக்கிறார்.

ஆம்ஹர்ஸ்ட் துறை என்ன ஆனது? பராமரிப்பு உழைப்பின் பொருளியலை முன்னெடுத்த நான்சி ஃபோல்பரும், அமெரிக்கர்களின் மிகைவேலையைப் பற்றி எழுதிய ஜூலியட் ஷோரும் அங்கே முனைவர் பட்டம் பெற்றவர்கள். 2013இல் அந்தத் துறையைச் செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தது ஒரு வகுப்புப் பயிற்சி. வெளிவந்த ஆய்வு ஒன்றை எடுத்து அதன் முடிவுகளை மறுபடி வரவழைக்க வேண்டும் என்பது வேலை. தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர், ஹார்வர்டின் கார்மன் ரெய்ன்ஹார்ட்டும் கென்னத் ரோகோஃபும் 2010இல் எழுதிய கட்டுரையை எடுத்தார். அரசின் கடன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும் என்று சொல்லி, பல அரசுகளின் சிக்கன நடவடிக்கைகளுக்குத் தோள்கொடுத்த கட்டுரை. எவ்வளவு முயன்றும் எண்கள் ஒத்துவரவில்லை. ஆசிரியர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்தால், சராசரி எடுக்கும் கட்டத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அதோடு சில தரவுகள் சேர்க்கப்படவில்லை, நாடுகளுக்கு எடை தந்த முறையும் கேள்விக்குரியது. பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் ஆகியோருடன் சேர்ந்து அவர் திருத்திக் கணக்கிட்டபோது, கழித்தல் 0.1 சதவீதமாக இருந்த சராசரி வளர்ச்சி 2.2 சதவீதமாக ஆனது.

ஹெர்ன்டனுக்கு இருந்த கணினித் திறன் நூறு துறைகளில் இருந்திருக்கும். சிக்கன நடவடிக்கைகளுக்கு அடித்தளமான கட்டுரை என்பதாலேயே அதைச் சந்தேகித்துப் பார்க்கத் தோன்றும் சூழல், அந்தச் சந்தேகத்தை ஆதரிக்கும் இரண்டு பேராசிரியர்கள், இவை சில இடங்களில்தான் இருந்தன. ஆனால் அங்கே முனைவர் பட்டம் பெறுகிறவர்களில் பெரும்பாலோர் சிறு கல்லூரிகளிலும், தங்களைப் போன்ற மற்ற மாற்றுத் துறைகளிலும், ஆய்வு அமைப்புகளிலும்தான் வேலைக்குச் சேர்கிறார்கள். பெரும் பல்கலைக்கழகங்களின் பொருளியல் துறைகள் ஆள் எடுப்பது பெரும்பாலும் ஒன்றிடமிருந்து மற்றொன்று. 1973இல் போல்ஸ் செய்தது போல, ஐந்து பேருக்கும் சேர்த்து வேலை கேட்கும் நிலையில் அவர்களில் யாரும் இல்லை.